பிறப்பதற்கு முன் நாம் எங்கே இருந்தோம்?

சென்ற இதழில் யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் வரும் பிறவிக் குருடனைப் பற்றி எழுதியிருந்தேன். "ரபீ, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்கும் இடம் அது. பிறவியிலேயே குருடன் என்றால் அவன் எப்போது பாவம் செய்திருக்க முடியும்? வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை ஆத்துமாவின் தொடக்கத்தைப் பற்றியே பேசலாம் என்று இருக்கிறேன். திருச்சபை வரலாறு நடத்திய காலத்தில் நான் மிகவும் விரும்பி நடத்திய பாடமும் இதுதான்.

என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். இருந்தும் என் கணவர் வீட்டார் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். நம் மார்க்கத்தில் அப்படி ஒன்று உண்டா?
*ஒரு தாய், தூத்துக்குடி*

இல்லை அம்மா. சுற்றி வளைக்காமல் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இங்கே வருவதற்கு முன் எதுவும் செய்யவில்லை. செய்வதற்கு அவள் எங்கும் இருக்கவில்லை.

சீஷர்களின் கேள்விக்கு இயேசு சொன்ன பதிலை அந்த வீட்டில் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." இரண்டு வழியையும் அவர் அடைத்துவிட்டார். பிள்ளை மேலும் பழி இல்லை, பெற்றவள் மேலும் இல்லை. அப்போஸ்தலன் பவுலும் ரோமர் 9-ல் ரெபெக்காளின் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலும்" என்றே எழுதுகிறார். பிறவாத பிள்ளைக்கு வினை இல்லை என்பது அவருக்கு விவாதத்துக்கே இடமில்லாத செய்தி.

நான் வளர்ந்தது மெஞ்ஞானபுரம் பக்கம். ஞாயிறு ஆராதனையை ஒருநாளும் தவறவிடாத பாட்டிமார்கூட மாடு செத்தால், பயிர் கருகினால், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனோமோ" என்பார்கள். ஊர் வழக்கு அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது; அவர்கள் வாயில் அது பெருமூச்சு. அதையே ஒரு குழந்தையைக் காட்டிச் சொல்லும்போது அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை அதிக தூரம் இல்லை. அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கான பிளாரன்ஸ் சுவேன்சன் பள்ளி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அந்த மிஷனெரி அம்மையார் தொடங்கிய பணி. இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றால் ஒரு நாள் மகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். தன்னைப் போலவே கையால் பேசும் பிள்ளைகள் நடுவில் அவள் நிற்பதை அவளுடைய தாத்தாவும் பாட்டியும் பார்க்கட்டும்.

எரேமியா 1:5-ல் "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்று கர்த்தர் சொல்கிறார். அறிந்தார் என்றால் எரேமியா அப்போதே எங்கேயோ இருந்தார் என்றுதானே பொருள்?
*ஒரு வேதபாட ஆசிரியர், கோயம்புத்தூர்*

இதே வசனத்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டவர் திருச்சபையின் முதல் பெரிய அறிஞர். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓரிகன் எகிப்தின் அலெக்சந்திரியாவில் சுமார் 185-ல் பிறந்தவர். அவர் பதினாறு பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது அப்பா லெயோனிடஸ் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். தானும் அப்பாவோடு போய்ச் சாவேன் என்று துடித்த மகனை, அவன் உடைகளை எல்லாம் ஒளித்துவைத்து வீட்டுக்குள் நிறுத்தினாள் தாய் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். அந்தத் தாய் மட்டும் அன்று அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் கிறிஸ்தவ இறையியலே வேறு மாதிரி போயிருக்கும்.

அவருடைய காலத்தில், இரகசிய ஞானத்தால் இரட்சிப்பு என்று போதித்த ஞானமார்க்க (நாஸ்டிக்) குழுக்கள் ஒரு போதனையைப் பரப்பின. மனிதர் பிறக்கும்போதே சிலர் இரட்சிக்கப்படும் இயல்போடும், சிலர் அழியும் இயல்போடும் உண்டாக்கப்படுகிறார்கள் என்பது அது. ஓரிகனால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருவன் அரண்மனையில் பிறக்கிறான், ஒருவன் அடிமைக்குப் பிறக்கிறான், ஒருவன் குருடனாகப் பிறக்கிறான். உண்டாக்கியவர் நீதியுள்ளவர் என்றால் இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது? 'முதற்கோட்பாடுகள்' என்ற நூலில் அவர் ஒரு விடையை முன்வைக்கிறார். ஆதியில் தேவன் எல்லா அறிவுள்ள ஆத்துமாக்களையும் சமமாகவே படைத்தார். அவை அவரையே நோக்கி இருந்தன. நாளடைவில் சலித்து, கவனம் தளர்ந்து, அவரைவிட்டு விலகின. எவ்வளவு விலகியதோ அதற்கேற்ற நிலை கிடைத்தது. கொஞ்சம் விலகியவர்கள் தூதர்கள், இன்னும் விலகியவர்கள் மனிதர்கள், மிகவும் விலகியவர்கள் பிசாசுகள். விலகாமல் அன்பில் நிலைத்த ஒரே ஓர் ஆத்துமா உண்டு. அதுவே பிறகு கிறிஸ்துவின் ஆத்துமாவாக வந்தது.

ஆதாரமாக அவர் எடுத்துக்காட்டும் இடங்களில் உங்கள் எரேமியா வசனம் ஒன்று. தாயின் வயிற்றிலேயே அண்ணனை முந்தப் பார்த்த யாக்கோபு இன்னொன்று. எலிசபெத்தின் வயிற்றில் களிப்பாய்த் துள்ளிய யோவான் ஸ்நானன் மற்றொன்று. முன்பே ஏதோ ஒரு வாழ்வு இல்லாமல் இவர்களுக்கு இப்படி ஒரு தகுதி எப்படி வரும் என்று கேட்கிறார். தீர்ப்பாக இல்லாமல், ஆராயத்தக்க ஒரு கருத்தாகவே இதை முன்வைக்கிறேன் என்ற தொனியும் அந்த நூலில் பல இடங்களில் உண்டு. பிறகு அவரைச் சபித்தவர்கள் அந்தத் தொனியைக் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறிவது என்பதற்கு அறியப்படுகிறவன் ஏற்கெனவே இருந்தாக வேண்டும் என்பது நம்மைப் பொறுத்தவரை சரி. நமக்குக் காலம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. கர்த்தருக்கு அப்படி இல்லையே. சங்கீதம் 139-ல் தாவீது "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்று பாடிவிட்டு, தன் அவயவங்களில் ஒன்றாகிலும் இல்லாதபோதே அவை அனைத்தும் அவருடைய புத்தகத்தில் எழுதியிருந்தன என்கிறான். இல்லாததை அறிகிறவராக அவரைப் பாடுகிறான். எரேமியாவின் வசனமும் எரேமியாவின் பழமையைச் சொல்ல வந்ததல்ல. "நான் சிறுபிள்ளை" என்று தயங்கிய ஒரு வாலிபனிடம், உன் அழைப்பு உன் வயதைவிட மூத்தது என்று சொல்லும் வசனம் அது.

கத்தோலிக்க வாசகர்களுக்கு இதைவிடக் கடினமான ஒரு வசனம் இருக்கிறது: சாலமோனின் ஞானம் 8:19–20. தனக்கு நல்ல ஆன்மா வாய்த்தது என்று சொல்லத் தொடங்கிய சாலமோன், உடனே அதைத் திருத்தி, நல்லவனாய் இருந்ததால் மாசற்ற உடலுக்குள் வந்ததாகச் சொல்கிறார். அலெக்சந்திரியாவின் கிரேக்கச் சூழலில் பிறந்த நூல் அது என்பது பொதுவான கருத்து. ஆத்துமா உடலுக்கு முன்பே இருந்தது என்ற கிரேக்கத் தத்துவஞானி பிளாட்டோவின் சாயல் அந்த வரியில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஒரு வரியின் சாயலை வைத்து ஒரு கோட்பாட்டைக் கட்ட முடியாது.

மறுபிறவி பைபிளில் இருந்தது, 553-ல் கான்ஸ்தாந்தினோப்பிள் சங்கத்தில் அதை நீக்கிவிட்டார்கள் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உண்மையா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

உண்மையில்லை. இதைச் சரிபார்ப்பதும் எளிது. சினாய்த்திகு, வத்திக்கான் என்ற இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகள் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சினாய்த்திகுவின் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களை நீங்கள் கைபேசியிலேயே பார்க்கலாம். 553-க்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தத் தோல் ஏடுகளில் இப்போது இருப்பதைத் தாண்டி மறுபிறவி வசனம் ஒன்றும் இல்லை. அவற்றுக்கும் முந்திய பாப்பிரஸ் ஏடுகளிலும் இல்லை. நீக்கியவர்கள் மண்ணுக்குள் கிடந்த ஏடுகளையும் தேடிப்பிடித்துத் திருத்தியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். பாலஸ்தீன வனாந்தரத்துத் துறவி மடங்களில் ஓரிகனின் கருத்துகளை மேலும் நீட்டிப் பேசிய ஒரு கூட்டத்துக்கும் மற்றவர்களுக்கும் பெரிய சண்டை. 543-ல் பேரரசர் யுஸ்தினியான் ஓரிகனுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். பத்து ஆண்டு கழித்து 553-ல் அவர் கூட்டிய சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, வேறொரு தகராறுக்காகக் கூடியது. அதோடு சேர்த்து ஓரிகனியக் கருத்துகள் மேல் 15 சாபத் தீர்மானங்கள் சொல்லப்படுகின்றன. அவை சங்கத்தின் முறையான அமர்வுகளில் நிறைவேறியவையா, அதற்கு முன் ஆயர்கள் கூடியபோது கையெழுத்தானவையா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். முதல் தீர்மானமே ஆத்துமாக்கள் முன்பே இருந்தன என்ற போதனையைக் கட்டுக்கதை என்று தள்ளுகிறது.

கவனியுங்கள், அங்கே தள்ளப்பட்டது முன்னிருப்பு. ஓர் ஆத்துமா உடலுக்கு உடல் மாறி மறுபடி மறுபடி பிறப்பது வேறு விஷயம். அதை ஓரிகனே தன் மத்தேயு விளக்கவுரையில், எலியாதான் யோவான் ஸ்நானனாக வந்தாரா என்ற கேள்வி வரும் இடத்தில், திருச்சபைக்கு அந்நியமான கருத்து என்று மறுத்திருக்கிறார். அவரை மறுபிறவிக்குச் சாட்சியாக இழுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

அந்தத் தீர்மானங்களால் நேர்ந்த இழப்பு வேறு மாதிரியானது. ஓரிகனின் கிரேக்க மூலங்களில் பலவற்றைப் படியெடுக்க ஆளில்லாமல் போயிற்று. 'முதற்கோட்பாடுகள்' முழு வடிவில் ருஃபினுஸ் 398-ல் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கிறது. அவரோ சங்கடமான இடங்களை மழுப்பியிருக்கிறார். 250-ல் தேகியு மன்னனின் துன்புறுத்தலில் முதுமையில் சங்கிலியிலும் சித்திரவதைப் பலகையிலும் கிடந்து விசுவாசத்தை விடாத ஒரு மனிதர், செத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகு சபிக்கப்பட்டார். அந்தப் போதனையை நான் ஏற்கவில்லை. அந்த மனிதரை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

நான் ரோமன் கத்தோலிக்கன். மனைவி தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை. எங்கள் மகனுக்கு அப்படியே என் அப்பாவின் முன்கோபம். "ஆத்துமாவும் அப்பா அம்மாகிட்டருந்துதான் வருது, எங்க பாஸ்டர் சொன்னார்" என்கிறாள் மனைவி. ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று எங்கள் மறைக்கல்வியில் படித்தேன். யார் சொல்வது சரி?
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

இரண்டு பேரும் தங்கள் தங்கள் சபையில் சொன்னதைச் சரியாகவே சொல்கிறீர்கள். ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வழக்கு உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

உங்கள் மனைவியின் பக்கத்துக்கு மூத்த வக்கீல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன். சுமார் 210-ல் ஆத்துமாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆதாமின் ஆத்துமாவிலிருந்துதான் எல்லா ஆத்துமாக்களும் கிளைக்கின்றன, உடலும் உயிரும் ஒரே நேரத்தில் பெற்றோரிடமிருந்து வருகின்றன என்பது அவர் வாதம். பிள்ளைகளுக்கு முகம் மட்டுமல்ல, குணமும் பெற்றோரைப்போல் அமைவதை அவர் சான்றாகச் சொல்கிறார். உங்கள் மகனின் முன்கோபத்தைப் பார்த்திருந்தால் தன் நூலில் சேர்த்துக்கொண்டிருப்பார். கொள்ளுப்பேரன் லேவி பிறக்கும் முன்பே ஆபிரகாமின் அரையிலே இருந்தான் என்ற எபிரெயர் 7-ஆம் அதிகார வசனத்தையும் இந்தப் பக்கத்தார் காட்டுவார்கள். மார்ட்டின் லுத்தர் இந்தப் பக்கம் சாய்ந்தார், அவருக்குப் பின்வந்த லுத்தரன் இறையியலார் பலரும் அப்படியே.

உங்கள் பக்கம் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், பிறகு இடைக்கால இறையியலார் அக்வினா தோமா, கால்வின் வழி வந்தவர்களும் இதே பக்கம்தான். "மனுஷனுடைய ஆவியை அவனுக்குள் உண்டாக்குகிறவர்" என்ற சகரியா 12:1 இவர்களுக்கு முக்கியம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ல் பரிணாமம் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாக்களைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதைக் கத்தோலிக்கர் விட முடியாது என்றார். 1992-இன் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி 366-ஆம் எண்ணில் அதையே கூறுகிறது.

அப்புறம் அகஸ்டீன். இந்த வழக்கில் நான் அதிகம் நேசிக்கும் ஆள் அவர்தான். மேற்குத் திருச்சபையின் அறிவுக்கே தூண் போன்ற அந்த ஆயர், இந்த ஒரு கேள்வியில் சாகும்வரை தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆத்துமாவும் புதிதாகப் படைக்கப்படுகிறது என்றால், ஆதாமின் பாவம் அதற்குள் எப்படி வருகிறது? ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போகும் கைக்குழந்தை எந்த நியாயத்தில் தண்டிக்கப்படும்? இதையெல்லாம் எழுதி 415-ல் ஒரோசியுஸ் என்ற இளம் குருவின் கையில் கொடுத்து, பெத்லகேமில் இருந்த கிழவர் ஜெரோமுக்கு அனுப்பினார். எனக்குக் கற்றுக்கொடுங்கள், நானும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கெஞ்சாத குறை. ஜெரோம் நேரமில்லை என்று சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டார். கேள்விக்கு விடை வரவில்லை.

சில ஆண்டு கழித்து விக்டர் என்ற இளைஞன், இவ்வளவு பெரிய ஆயருக்குத் தன் ஆத்துமா எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியவில்லையே என்று ஏளனமாக இரண்டு புத்தகம் எழுதினான். அகஸ்டீன் அவனை நசுக்கியிருக்கலாம். பொறுமையாக நான்கு நூல் எழுதி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை என்று அவனுக்குச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டி, தன் நூல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் திருத்தம் எழுதும்போது, ஆத்துமாவின் தொடக்கம் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான்: அப்போதும் எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது.

என் மனம் உங்கள் பக்கம் சற்றுச் சாய்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தேவனிடமிருந்து புதிதாக வருகிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. ஆனாலும் உங்கள் மனைவியை மறுத்து ஒரு சபைநீக்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். பையனின் கோபத்துக்குத் தாத்தாவிடமே வழி கேட்டுப் பாருங்கள். அவர் எப்படி அடக்கினார் என்று அவருக்குத்தான் தெரியும்.

பிறக்கும் முன் ஆத்துமா இல்லை என்கிறீர்கள். "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்று இயேசு சொன்னாரே?
*ஒரு வாலிபர், வேலூர்*

அங்கே பேசுகிறவர் நித்திய வார்த்தையானவர். அவருடைய மனித ஆத்துமா மரியாளின் கருவில்தான் தொடங்கியது. ஓரிகனைத் தவிர ஆதித் திருச்சபையின் மற்றப் பிதாக்கள் ஏறக்குறைய எல்லாரும் இதில் ஒத்துப்போகிறார்கள்.

தத்துவ போதகர் மறுபிறவியை மறுத்துத் தமிழிலேயே எழுதினார் என்று இலக்கிய வரலாற்றில் பாடம் நடத்துகிறேன். அதனால் நம் கிறிஸ்தவர்களுக்கு என்ன பயன் விளைந்தது?
*ஒரு தமிழாசிரியர், மதுரை*

தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் டி நொபிலி 1606-ல் மதுரை வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி. 'ஆத்தும நிர்ணயம்', 'புனர்ஜென்ம ஆட்சேபம்' இரண்டும் அவர் பெயரில் வழங்குகின்றன. ஆத்துமா எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்குத் தமிழ் உரைநடையில் இடம் கிடைத்தது அவரால்தான். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

உங்கள் கேள்வியின் பின்பாதி என்னை வருத்துகிறது. ஒருவன் தாழ்ந்த குடியில் பிறந்தது அவன் முன்வினை என்ற வாதத்தை வேரோடு பிடுங்கும் கருத்து அந்த நூல்களில் இருந்தது. முன்வாழ்வே இல்லையென்றால் முன்வினைக்கு இடம் ஏது? அப்படியிருந்தும் அதே மதுரை மிஷனில் மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரித்தார்கள். பிறகு எத்தனையோ ஊர்களில் கோயிலுக்குள் தனி வரிசை, கல்லறைக்கு நடுவே சுவர். சீர்திருத்தச் சபைகளும் இதில் சுத்தமில்லை. முன்வினையை வாயால் மறுத்துவிட்டு, அதன் பலனை மட்டும் வாழ்க்கையில் வைத்துக்கொண்டார்கள். ஆத்துமாவின் தொடக்கம் பற்றிய நம் கோட்பாட்டைச் சோதிக்கும் இடம் நம் ஊர்க் கல்லறைத் தோட்டம்தான் என்று நான் மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

அரிசோனாவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மார்மன் குடும்பம் மிக நல்லவர்கள். பிறக்கும் முன் நாம் எல்லாரும் பரலோகத் தகப்பனோடு வாழ்ந்தோம் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. இதில் என்ன தவறு?
*ஒரு வாசகி, அமெரிக்கா*

ஜோசப் ஸ்மித் 1830-ல் தொடங்கிய அந்தச் சபையில் இது மையமான போதனை. எல்லா மனிதரும் பிறப்பதற்கு முன் ஆவிப் பிள்ளைகளாகத் தேவனோடு இருந்தார்கள்; வளர்ச்சிக்காகப் பூமிக்கு வருகிறார்கள்; வரும்போது பழைய நினைவு மறைக்கப்படுகிறது. ஓரிகனுக்கு உடலில் வருவது விழுந்ததன் விளைவு. இவர்களுக்கோ அது ஒரு முன்னேற்றம். அந்த வகையில் இவர்களுடையது உடலை மதிக்கும் போதனைதான். ஒரு வீட்டுக்குள் குழந்தை வரும்போது அதை எவ்வளவு மரியாதையோடு வரவேற்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு வரலாற்றையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1852 முதல் அந்தச் சபை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரவில்லை. ஏன் என்ற கேள்விக்கு அவர்களில் பலர் சொன்ன விடை, பிறப்புக்கு முந்தைய வாழ்வில் அந்த ஆவிகள் போதிய உறுதி காட்டவில்லை என்பது. 1949-ல் சபைத் தலைமையின் அறிக்கையிலேயே முன்வாழ்வின் நடத்தை காரணமாகப் பேசப்பட்டது. 1978-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 2013-ல் அந்தப் பழைய விளக்கங்களைச் சபையே வெளிப்படையாகக் கைவிட்டது. அதை அவர்களுடைய நேர்மைக்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அரிசோனாவில் கேட்டதும் தூத்துக்குடித் தாய் தன் காதுபடக் கேட்டதும் எனக்கு வேறுவேறாகப் படவில்லை. யாருக்கும் நினைவில் இல்லாத, யாரும் சரிபார்க்க முடியாத ஒரு முன்வாழ்வை ஒத்துக்கொண்டுவிட்டால், அடுத்தவன் படும் பாட்டுக்கு அவனையே பொறுப்பாக்குவது மிகச் சுலபமாகிவிடுகிறது. தேவனுடைய நீதியைக் காப்பாற்றத்தான் ஓரிகன் அந்த வழியில் போனார். அதே வழியில் மனிதர்கள் தங்கள் அநீதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டாரோடு நட்பாகவே இருங்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்காக அவர்களோடு சேர்ந்து ஜெபம் பண்ணவும் செய்யுங்கள்.

எனக்குப் பதினோராம் வாரத்தில் கரு கலைந்துவிட்டது. "உயிர் தரிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு, இதுக்குப் போய் அழுவாங்களா" என்கிறார்கள். என் பிள்ளைக்கு ஆத்துமா இருந்ததா, ஐயா? நான் அதைப் பார்ப்பேனா?
*ஒரு சகோதரி, நாகர்கோவில்*

அழுங்கள் அம்மா. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர்களுக்குப் பின்னால் ஒரு பழைய கருத்து இருக்கிறது. ஆண் கருவுக்கு 40-ஆம் நாள், பெண் கருவுக்கு 90-ஆம் நாள் என்று அரிஸ்டாட்டில் ஒரு கணக்கு எழுதினார். முதலில் செடியைப் போன்ற உயிர், அடுத்து விலங்கைப் போன்ற உயிர், உடல் தயாரானபிறகே தேவன் தரும் மனித ஆத்துமா என்று அக்வினா தோமா அதைக் கிறிஸ்தவ இறையியலில் வைத்தார். மேற்குத் திருச்சபையின் சட்டமும் நெடுங்காலம் இந்த வேறுபாட்டைப் பார்த்தது. 1869-ல் ஒன்பதாம் பத்திநாதர்தான் அதை விட்டார். நுண்ணோக்கியும் இல்லாத காலத்து உடற்கூற்று அறிவு அது. அதை உங்கள் துக்கத்துக்கு அளவுகோலாக வைக்க வேண்டியதில்லை.

கிழக்குத் திருச்சபையில் வேறொரு குரல் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரி, ஆத்துமா உடலுக்கு முந்தியதும் அல்ல, உடல் ஆத்துமாவுக்கு முந்தியதும் அல்ல என்றார். ஒரு தானிய மணிக்குள் முழுக் கதிரும் இருப்பதுபோல, தொடக்கத்திலேயே முழு மனிதன் இருக்கிறான். வெளியே தெரிவதற்குத்தான் நாள் ஆகிறது என்பது அவர் விளக்கம். அதே கிரெகோரி, சிசுவிலேயே இறந்துபோகும் குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு நூலும் எழுதினார். அந்தப் பிள்ளைகள் தங்கள் அளவுக்குத் தக்கபடி தேவனுடைய ஜீவனில் பங்குபெற்று அங்கே வளர்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. எந்த நொடியில் ஆத்துமா வருகிறது என்பதை 1974-இன் வத்திக்கான் அறிக்கைகூடத் தீர்மானிக்காமல் விட்டது. அந்த நொடி எனக்கும் தெரியாது. உங்கள் பிள்ளையின் கருவை அவருடைய கண்கள் கண்டன என்று சங்கீதம் சொல்வதை மட்டும் முழு மனதோடு நம்புகிறேன்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் பற்றி அகஸ்டீன் கடுமையாக எழுதினார். இதில் நான் அவரோடு இல்லை. கத்தோலிக்க இறையியல் ஆணைக்குழுவும் 2007-ல் அந்தப் பிள்ளைகளின் இரட்சிப்புக்கு நம்பிக்கை வைக்கத் தக்க காரணம் உண்டு என்று எழுதிவிட்டது. குழந்தையை இழந்த தாவீது "நான் அதினிடத்துக்குப் போவேனே" என்று சொன்னதை உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சபை எது என்று நீங்கள் எழுதவில்லை. கத்தோலிக்கராக இருந்தால், ஞானஸ்நானம் தர விரும்பியிருந்த பெற்றோரின் குழந்தைக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1183-ஆம் எண், இரண்டாம் பிரிவில் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். வேறு சபை என்றால் உங்கள் சபைப் போதகரை வீட்டுக்கு அழைத்து, பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். அதற்கென்று ஜெப ஒழுங்கு இல்லை என்று அவர் தயங்கினால், இப்படிப்பட்ட வீடுகளில் நான் நடத்தும் சிறு ஒழுங்கு ஒன்று கையெழுத்தில் இருக்கிறது. இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.